அப்பாவுடன் பழைய போர்க்கப்பல் பார்க்க: போர்ட்ஸ்மத்தா, ஹார்ட்டில்பூலா?

வணக்கம். திருகோணமலையிலிருந்து அப்பா லண்டன் வந்திருக்கிறார். 1805இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் உயிர்விட்ட, போர்ட்ஸ்மத்தில் இருக்கும் விக்டரி கப்பலைப் பார்க்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஆனால் அவருக்கு முழங்கால் வலி. செங்குத்தான படிகளும் தலை இடிக்கும் தளங்களும் சரிவருமா? வயதானவர்களோடு போனவர்கள் சொல்லுங்கள். பக்கத்திலேயே 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுத்த மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே லிஃப்ட் உண்டு, கவலையில்லை.

அப்புறம், வடகிழக்கு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கும் பாய்மரப் போர்க்கப்பலின் பெயரே டிரிங்கோமலி, அதாவது நம் திருகோணமலை! 1817இல் பம்பாயில் தேக்கில் கட்டியது, இன்றும் மிதக்கிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் நெல்சனை மறந்துவிடுவார். லண்டனிலிருந்து காரில் போய் அன்றே திரும்பலாமா, இரவு தங்கவேண்டுமா? ஏறி இறங்க எது சுலபம்?