ஆப் வேலையில ஐடி பிளாக் ஆனவங்க, கூலி நின்னவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

களியக்காவிளைக்காரன்:
வீடு களியக்காவிளையில. ஓட்டம் முழுக்க பாறசாலை, நெய்யாற்றின்கரை. சாப்பாடு டெலிவரியில மூணு வருஷம். இடவப்பாதி மழையில வண்டி சறுக்கி முட்டுல நாலு தையல். போன் பண்ணிச் சொன்னா, "ஆர்டர் என்ன ஆச்சு?"ன்னுதான் முதல் கேள்வி. மறுநாள் காலையில ஐடி பிளாக். காரணம் சொல்லல. டீம் லீடர், "எங்கையில ஒண்ணும் இல்லடே"ன்னுட்டார். பதினோரு நாள் வருமானம் இல்ல, வண்டி தவணை மட்டும் நிக்கல.

புகார் கொடுக்கப் போன இடத்துல வேலை நியமன ஆர்டர் கேட்டாங்க. எங்களுக்கு யாரு அதத் தந்தா? ஆப்புல எங்க பேரு 'பார்ட்னர்'. பெங்களூருல ஓட்டுற மச்சான் சொன்னான்: கர்நாடகத்துல ஆப் வேலைக்காரங்களுக்காக 2025ல வந்த சட்டப்படி, ஆள நிறுத்துறதுக்கு முன்னாடி காரணத்த எழுதிக் கொடுத்து 14 நாள் நோட்டீஸ் தரணுமாம். எனக்கு அந்த 14 நாள் போதும், வேற வேலை தேடியிருப்பேன். தமிழ்நாட்டுல எங்கள மாதிரி ஆளுங்களுக்கு நலவாரியம் இருக்கு. ஆனா ஓடுறது கேரளத்துல. நான் எந்தப் பக்கத்து ஆளு?

கொழிஞ்சாம்பாறை அக்கா:
தம்பி, நான் வண்டி ஓட்டல. பிள்ள தூங்கினப்புறம் தமிழ், மலையாள ஆடியோவைக் கேட்டு டைப் பண்ணுவேன். ஒரு வாரம் கண்ணு எரிய செஞ்ச வேலைய 'தரம் போதாது'ன்னு ஒத்த வரியில தள்ளிட்டாங்க. காசு இல்ல. டைப் பண்ணினது மட்டும் அவங்ககிட்டயே இருக்கு.

மத்திய அரசோட 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21லருந்து அமல்ல இருக்கு. ஆப் கம்பெனிங்க வருஷ விற்றுமுதல்ல 1லருந்து 2 சதவீதம் நம்மள மாதிரி ஆளுங்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்டணும். ஆனா அது, அவங்க நமக்குக் கொடுக்குற தொகையில 5 சதவீதத்துக்கு மேல போகாது. விபத்து, மருத்துவம், முதுமைக்கெல்லாம் அதுல திட்டம் போடலாம். நல்லதுதான். ஆனா அதே சட்டம் நம்மள வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உள்ளவங்கன்னுதான் சொல்லுது. அடிபட்டா உதவி கேக்கலாம். செஞ்ச வேலைக்குக் கூலிய எங்க போய்க் கேக்க? திருத்த வேண்டியது அந்த வரியத்தான்.

செங்கோட்டை ரைடர்:
அண்ணாச்சி, ரெண்டு பேரும் முதல்ல இ-ஷ்ரம்ல, அதான் மத்திய அரசோட தொழிலாளர் பதிவுத் தளத்துல, பதியுங்க. 12 இலக்க நம்பர் வரும், மாநிலம் மாறினாலும் அதே நம்பர்தான். நான் ஆதாரும் போனும் வச்சே முடிச்சேன். ஐடி பிளாக் ஆன ஸ்கிரீன்ஷாட், தையல் போட்ட சீட்டு, கடைசி மூணு மாச பேமென்ட் விவரம் எல்லாத்தையும் பத்திரமா வைங்க. பிளாக் ஆனப்புறம் ஆப்புலருந்து பழைய கணக்க எடுக்க முடியாது. நான் அப்படித்தான் விட்டேன்.

களியக்காவிளைக்காரன்:
தையல் சீட்டு இருக்கு. பேமென்ட் விவரம் பேங்க் பாஸ்புக்ல இருக்கும், நாளைக்கே பதிஞ்சு வாங்குறேன்.