முதுகுவலி, கழுத்துவலி: ஆபரேஷன் இல்லாமல் தேறியவர்கள் எழுதலாம்

எனக்கு எல்5-எஸ்1 (இடுப்பு முடிகிற இடத்தில் உள்ள கடைசி டிஸ்க்) பிரச்சினை. வலி முதுகைவிடக் காலில்தான் அதிகம், இடது பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை சுண்டி இழுக்கும். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொடுகிறது என்று படித்ததுமே வீட்டில் ஆபரேஷன் பேச்சு வந்துவிட்டது. ஆர்த்தோ டாக்டர் அலட்டிக்கொள்ளவே இல்லை. குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நடக்கச் சொன்னார், நடந்தேன். காலில் பலம் குறையவில்லை, சிறுநீர் போவதில் சிக்கல் இல்லை, தொடையிடுக்கு மரத்துப்போகவில்லை, அப்புறம் என்ன அவசரம் என்றார். (இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கதை பேசிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.) வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும் 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும் என்று 2015-ல் ஒரு தொகுப்பாய்வு வந்திருப்பதை அதன்பிறகுதான் படித்தேன், பாதி பயம் அதிலேயே போயிற்று.

இரவில் ப்ரீகாபாலின் என்ற நரம்புவலி மாத்திரை கொடுத்தார்கள். கால் இழுப்பு அடங்கியது, ஆனால் மறுநாள் காலை பைக் எடுக்க முடியாத அளவுக்கு மந்தம். பிசியோ சென்டரில் ஐஎஃப்டி (வலிக்கிற இடத்தில் லேசான மின்சாரம் பாய்ச்சுவது), டிராக்‌ஷன் (இடுப்பை இழுத்துப் பிடிப்பது) இரண்டும் வைத்தார்கள். கட்டிலை விட்டு இறங்கும்போது சுகமாக இருக்கும், வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போது பழைய வலி. உண்மையில் வேலை செய்தது குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையில் விட்டுக் கையை ஊன்றி மார்பை மட்டும் மேலே தூக்கும் பயிற்சிதான். நியூசிலாந்து பிசியோ ராபின் மெக்கன்சி பிரபலமாக்கிய முறை. செய்யச் செய்ய வலி பாதத்திலிருந்து கெண்டைக்காலுக்கு, அங்கிருந்து தொடைக்கு என்று மேலே ஏறி இடுப்பில் நின்றது. முதுகுவலி கூடுகிறதே என்று பயந்தால், அப்படி மேலே ஏறுவதுதான் நல்ல அறிகுறி என்றார் பிசியோ. ஆனால் இதை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது, முதுகைப் பின்னால் வளைத்தால் வலி கூடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

*

அண்ணா, நான் திருப்பூரில் பவர் டேபிள் டெய்லர். எனக்குக் கழுத்து, வலது தோள்பட்டை, அப்புறம் கட்டைவிரல் மரத்துப்போவது. காலர் மாட்டியதும் நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனால் நாள் முழுக்க மாட்டினால் கழுத்துச் சதை சோம்பேறியாகிவிடும் என்று பிசியோ அக்கா பிடுங்கி வைத்துக்கொண்டார். தாடையைப் பின்னால் இழுத்து நிறுத்துவது, தோள்பட்டை எலும்புகளைச் சேர்த்துப் பிடிப்பது, நெற்றியில் கை வைத்துத் தலை அசையாமல் எதிர்த்துத் தள்ளுவது, இவ்வளவுதான் பயிற்சி. டீ டைமில் மிஷின் பக்கத்திலேயே செய்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஸ்டூலைக் கொஞ்சம் உயர்த்தி முன்னால் இழுத்துப் போட்டதும் குனிகிற குனிவு குறைந்தது. அதற்கு மேஸ்திரியிடம் நடந்த சண்டை தனிக்கதை. ஆர்டர் நெருக்கடியில் ஓவர்டைம் பார்த்தால் இன்னமும் வலி வரும். வந்தால் வெந்நீர் ஒத்தடம்.

வீட்டுக்காரருக்கு ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இங்கும் சொல்கிறேன். முடிவெட்டி முடித்ததும் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அதற்குத் தலையைக் கொடுக்காதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அபூர்வமாகக் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது.

*

இரண்டு பேரும் எண்ணெய் வைத்தியம் பற்றிச் சொல்லவில்லையே! நான் கடிவஸ்தி செய்துகொண்டேன். இடுப்பில் உளுந்து மாவால் வரம்பு கட்டி அதற்குள் வெதுவெதுப்பான தைலம் ஊற்றி வைப்பார்கள். தூக்கம் சொக்கும், சதைப்பிடிப்பு இளகும், அதில் சந்தேகமே இல்லை. டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடும் என்று சொல்லிப் பெரிய பேக்கேஜ் விற்றார்கள் பாருங்கள், அதுதான் ஒப்பவில்லை. பிதுங்கிய டிஸ்க் பலருக்குத் தானாகவே சுருங்குகிறது, பெயர் வேறு யாருக்கோ போகிறது. இடுப்பு பெல்ட்டும் அப்படித்தான். நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் கொடுத்த வழிகாட்டுதலில் பெல்ட்டையும் டிராக்‌ஷனையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று சொல்லி, உடற்பயிற்சியைப் பரிந்துரைத்திருக்கிறது. மருந்துக்கடையில் இன்னும் முதலில் எடுத்து நீட்டுவது பெல்ட்தான்.

அப்பா விஷயம் வேறு. அவருக்கு முதுகுத்தண்டு கால்வாய் சுருக்கம். நிமிர்ந்து நடந்தால் கால் கனத்துப்போகும், உட்கார்ந்தால் சரியாகிவிடும், சைக்கிள் மிதிக்கச் சிரமமே இல்லை. முதலில் எழுதியவர் செய்த பயிற்சி அவருக்கு வலியைக் கூட்டியது, முழங்காலை மார்போடு அணைப்பதுதான் ஒத்துவந்தது. எபிட்யூரல் ஸ்டீராய்டு ஊசி (முதுகுத்தண்டில் நரம்பைச் சுற்றிப் போடுவது) போட்டபோது கால்வலி நன்றாகக் குறைந்தது, ஆனால் அந்த வாரம் முழுக்கச் சர்க்கரை எகிறியது. சர்க்கரை உள்ளவர்கள் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சில மாதத்தில் வலி திரும்பி வந்துவிட்டது, மறுபடி போடலாமா என்று யோசிக்கிறோம்.

அம்மாவுக்கு இடுப்பின் பின்பக்க மூட்டுகளில் வலி, ரேடியோ அலையால் நரம்பைச் சுட்டு மரக்க வைக்கலாம் என்கிறார் வலி மருத்துவர். 60 வயதுக்கு மேல் யாராவது செய்திருந்தால் எவ்வளவு நாள் தாங்கியது என்று எழுதுங்கள்.