டூனைட் என்று சீட்டு ஒட்டிய கல்லில் காந்தம் ஒட்டுகிறது, ஏன்?

கேள்வி:
வணக்கம். நிலவியல் முதலாண்டு மாணவி நான். பயிற்சிக்குக் கொடுத்த கல்லில் 'டூனைட்' என்று சீட்டு இருக்கிறது. டூனைட் என்ற பாறையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒலிவின் என்ற பச்சைக் கனிமம் இருக்க வேண்டும் அல்லவா? இதுவோ கரும்பச்சையாக, தொட்டால் மெழுகு மாதிரி வழவழவென்று இருக்கிறது. ஒலிவின் கத்திக்கு மசியாது. இதில் கத்தி சுலபமாகக் கீறுகிறது. நூலில் தொங்கவிட்ட காந்தம் கல்லைப் பார்த்துச் சாய்கிறது. எடை 412 கிராம். தண்ணீரில் முக்கி நிறுத்தால் 150 கிராம் குறைகிறது. அடர்த்தி 2.75தான் வருகிறது. ஒலிவினுக்கு 3.3 வர வேண்டுமே! மூன்று முறை நிறுத்துவிட்டேன். சீட்டு தவறா?

பதில் 1:
முதலில் ஒன்று. வெள்ளை நரம்பு ஏதாவது நார் நாராகப் பிரிந்தால் சுரண்டாதீர்கள். கிரைசோடைலாக இருக்கலாம், அதாவது கல்நார். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போகக் கூடாது.

பதில் 2:
நீங்கள் நிறுத்ததில் பிழை இல்லை. சீட்டில் இருப்பது கல் பிறந்தபோது இருந்த பெயர்.

மேக்மா ஆறும்போது ஒலிவின் முந்திக்கொண்டு படிகமாகும். குழம்பைவிடக் கனமானதால் அடியில் போய்ப் படியும், கூடவே கொஞ்சம் குரோமைட் என்ற கருங்கனிம மணிகளும். டூனைட் உருவாகும் வழிகளில் இது ஒன்று. அப்புறம் பாறை ஆறி, 400 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு விரிசல் வழியே தண்ணீர் நுழைந்தால், ஒலிவின், செர்பென்டைன் என்ற மென்மையான, வழவழப்பான கனிமமாக மாறத் தொடங்கும். செர்பென்டைன் எடையில் சுமார் 13 சதவீதம் தண்ணீர்தான். அதனால்தான் கல் பருத்து, அடர்த்தி 2.6 பக்கம் இறங்குகிறது. உங்கள் 2.75ஐ வைத்துப் பார்த்தால் முக்கால் பங்குக்கு மேல் மாறிவிட்டது.

காந்தத்துக்கு வருவோம். ஒலிவினில் இருந்த இரும்பு முழுவதற்கும் செர்பென்டைனில் இடம் கிடைப்பதில்லை. மிச்ச இரும்பு தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் ஆகிறது. ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. பாறைக்குள் இப்படி ஒரு வேதியியல் நடப்பது எனக்கு இன்றும் வியப்புதான். காந்தத்தை இழுப்பது அந்த மேக்னடைட். கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக எடுத்து, நுண்ணோக்கியில் குறுக்கு முனைவாக்கத்தில் (ஒன்றுக்கொன்று குறுக்கே வைத்த இரண்டு ஒளி வடிகட்டிகளுக்கு நடுவே) பாருங்கள், செர்பென்டைன் வலை தெரியும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. கல்லில் நார் எதுவும் இல்லை. துறையில் பழைய சீவல் ஒன்று இருந்தது, இன்று பார்த்தேன். சாம்பல் நிற வலை, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒலிவின் துணுக்கு. பக்கத்துத் துணுக்குகள் நான்கைந்து ஒரே நேரத்தில் இருண்டு ஒரே நேரத்தில் ஒளிர்கின்றன. வலை இழையின் நடுவே கரும்புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன.

பதில் 2:
சேர்ந்து இருளும் துணுக்குகள் முன்பு ஒரே படிகம். கரும்புள்ளி மேக்னடைட். 'செர்பென்டைனாக மாறிய டூனைட்' என்று எழுதிக் கொடுங்கள்.