பாஜா ரோல் கேஜ்: 1018 போதுமா, 4130 வேணுமா? மிக்கா, டிக்கா?

ரோல்ஹூப்_கோவை:
காலேஜ் டீம், முதல் பாஜா வண்டி (மாணவர்கள் கட்டி ஓட்டுற கரடுமுரடு பாதைப் போட்டி). டிரைவரைக் காக்கிற டியூப் கூண்டு, அதாவது ரோல் கேஜ், கட்டணும். போட்டி விதிப்படி மெயின் மெம்பருக்கு (கேஜோட முக்கிய டியூபுக்கு) 25 மி.மீ வெளிவிட்டம், 3 மி.மீ தடிப்புள்ள 1018 (கார்பன் குறைவான ஸ்டீல்) டியூப், இல்லன்னா அதுக்குச் சமமானது. எடை குறையணும்னா 4130 குரோமோலிதான்னு (குரோமியம், மாலிப்டினம் சேர்த்த ஸ்டீல்) எல்லாரும் சொல்றாங்க. ஆனா விலை அதிகம், வெல்டு ஓரத்துல விரிசல் விடும்னும் பயமுறுத்துறாங்க. மொத்தம் 30 மீட்டர் வரும். வெல்டு பண்ண மிக் (ஃபில்லர் கம்பி தானா வரும்), டிக் (டங்ஸ்டன் முனையில ஆர்க், ஃபில்லர் கம்பியைக் கையால குடுக்கணும்) ரெண்டு மெஷினும் இருக்கு. எதை எடுக்கலாம் அண்ணா?

டியூப்_கணக்கு:
தம்பி, 4130 போட்டா கேஜ் விறைப்பாயிடும்னு நினைச்சா அது தப்பு. எந்த ஸ்டீலுக்கும் யங் குணகம் (பொருளோட விறைப்பு அளவு) ஏறக்குறைய 205 ஜிகாபாஸ்கல்தான். விறைப்பைத் தீர்மானிக்கிறது விட்டமும் தடிப்பும். 4130 கூடுதலாத் தர்றது வலிமை.

சமமான டியூபுக்கு விதி விறைப்பு, வலிமை ரெண்டையும் தனித்தனியாக் கேக்குது. 25 × 3-ல 1018: வளைவு வலிமை 373 நியூட்டன் மீட்டர் (ஈல்டு, அதாவது ஸ்டீல் நிரந்தரமா வளையத் தொடங்குற அழுத்தம், 365 மெகாபாஸ்கல்), எடை மீட்டருக்கு 1.63 கிலோ. பல டீம்கள் எடுக்கிற 29.2 × 1.65-ஐப் பாருங்க. விறைப்பு தேறிடும். ஆனா 1018-ல வலிமை 340தான், தேறாது. ஈல்டு 435 உள்ள 4130-ல 405 வரும், எடை 1.12 கிலோ. குரோமோலிக்குக் குடுக்கிற காசுக்கு அர்த்தம் இருக்கிறது இந்த இடத்துலதான்.

இப்ப 31.75 × 1.65-க்குப் போங்க. 1018-லயே 407 வந்துடுது, எடை 1.22 கிலோ. 30 மீட்டருக்கு 4130-ஐ விட 3 கிலோதான் கூட. 25 × 3-ஐ விட 12 கிலோ குறைவு. முதல் வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன். பெண்டிங் கடையில 31.75-க்கு டை (வளைக்கிற அச்சு) இருக்கான்னு கேட்டுட்டு டியூப் வாங்குங்க.

கடையில ரெண்டு விஷயத்தை விடாதீங்க. விதிப்படி தடிப்பு 1.57-க்குக் கீழ போகக் கூடாது. 1.65-னு விக்கிற டியூப் 1.5-லயும் வரும், அதனால மைக்ரோமீட்டரை வெச்சு ரெண்டு முனையிலயும் நாலு பக்கம் பாருங்க. அடுத்து, கார்பன் குறைஞ்சது 0.18 சதவீதம் வேணும். 1018-ன் வரம்பே 0.15-லேர்ந்து 0.20 வரை. சர்ட்டிபிகேட்ல 0.16 இருந்தா அது அசல் 1018தான், ஆனா உங்களுக்கு ஆகாது.

ஆர்கான்_8லிட்டர்:
இந்தத் தடிப்புக்கு டிக்தான். மிக்-ல ஆர்க் தொடங்குற இடம் குளிர்ச்சியா இருக்கும். மேல பீட் (வெல்டு கோடு) அழகா உக்காந்திருக்கும், அடியில டியூபோட உருகிச் சேர்ந்திருக்காது. விதி கேக்குற 30 டிகிரி சாம்பிளை (அந்தக் கோணத்துல ரெண்டு டியூபைச் சேர்த்த வெல்டு மாதிரி) நீளவாக்குல அறுத்தா உடனே தெரிஞ்சுடும்.

டிசி, டார்ச் நெகட்டிவ்ல. 2.4 டங்ஸ்டனை நீளவாக்குல கூராக்குங்க. ஆர்கான் நிமிஷத்துக்கு 8 லிட்டர், கரண்ட் 60-75 ஆம்ப், ஃபில்லர் 1.6 மி.மீ இ.ஆர் 70 எஸ்-2. நாட்ச் (இன்னொரு டியூப் மேல உக்கார முனையை வளைவா வெட்டுறது) இடைவெளி அரை மி.மீ-க்கு மேல வேண்டாம். இடைவெளியை ஃபில்லரால நிரப்பினா சூடு கூடி டியூப் இழுத்துக்கும். முனையிலேர்ந்து 25 மி.மீ வரைக்கும் மில் ஸ்கேலை (மேல இருக்கிற ஆக்சைடு படலம்) எமரி போட்டு எடுத்து, உள்பக்கமும் அசிட்டோன் துடைங்க. முடிக்கிறப்ப கரண்ட் பெடலைப் பட்டுன்னு விட்டா குழி விழுந்து அங்கேயே விரிசல் ஆரம்பிக்கும். மெல்லக் குறைச்சு, ஒரு சொட்டு ஃபில்லர் குடுத்து, கேஸ் நிக்கிற வரைக்கும் டார்ச்சை அங்கேயே பிடிங்க. பீட்டை கிரைண்டர்ல தேய்க்கவே தேய்க்காதீங்க.

குரோமோலி_நண்பன்:
விரிசல் பயத்தால மட்டும் 4130-ஐ ஒதுக்க வேண்டாம். நார்மலைஸ் பண்ணின (சூடாக்கிக் காத்துல ஆற வெச்ச), 3 மி.மீ-க்கு உள்பட்ட டியூபுக்கு முன்சூடு தேவையில்லை. விரிசல் வர்றது அவசரமாக் குளிர வைக்கிறதால: ஈரத்துணி, ஏர் கன், பக்கத்துல ஓடுற ஃபேன். தானா ஆறட்டும். ஃபில்லர் அதே 70 எஸ்-2; வெல்டு கொஞ்சம் மென்மையா, வளைஞ்சு குடுக்கும். 4130 ஃபில்லர் போட்டா அப்புறம் ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணணும்.

ரோல்ஹூப்_கோவை:
அப்ப 31.75 1018 எடுத்துக்கிறோம். பழகுறதுக்குப் போட்ட ஜாயின்ட்ல கடைசி மில்லிமீட்டர்ல மட்டும் உருகினது வெளிய பீச்சுது. ஏன்?

ஆர்கான்_8லிட்டர்:
ரெண்டு முனையும் மூடின டியூப், உள்ள காத்து சூடாகி விரியுது, போக வழியில்லாம உருகினதைத் தள்ளுது. கடைசி 10 மி.மீ-ஐ விட்டுட்டு, கை வைக்கிற அளவுக்கு ஆறினதும் ஆம்ப் குறைச்சு வேகமா மூடுங்க. ஓட்டை போட நினைச்சா முதல்ல விதிப்புத்தகத்தைப் பாருங்க. இன்னொண்ணு, எல்லா ஜாயின்ட்டையும் நாலு டாக் (சின்னப் புள்ளி வெல்டு) போட்டு ஜிக்ல (அசையாமப் பிடிக்கிற சட்டம்) நிறுத்தின பிறகுதான் முழு வெல்டு. இடம் வலமா மாறி மாறி ஒவ்வொரு தடவையும் கால்வாசிச் சுத்து போடுங்க, இல்லன்னா ரியர் ரோல் ஹூப் (டிரைவருக்குப் பின்னால இருக்கிற வளையம்) ஒரு பக்கமாத் திருகிக்கும்.