க்ரூகரில் நாமே கார் ஓட்டிப் போகலாமா? மே மாதம், 5 இரவு, 9 வயதுக் குழந்தையோடு

நொய்யல்காரன்:

வணக்கம். அடுத்த மே விடுமுறையில் ஆப்பிரிக்கக் காடு ஒன்றைப் பார்க்க உத்தேசம். நான், மனைவி, 9 வயது மகள். மூவரும் சைவம், முட்டை மட்டும் உண்டு. கென்யாவின் மசாய் மாராவா, தென்னாப்பிரிக்காவின் க்ரூகரா என்று வீட்டில் ஒரு வாரமாகப் பட்டிமன்றம் நடக்கிறது. க்ரூகரில் வாடகைக் காரை நாமே ஓட்டிக்கொண்டு சிங்கம், யானைக்கு நடுவே போகலாம் என்கிறார்கள். சாதாரண கார் போதுமா? எந்த முகாமில் தங்குவது? மலேரியாவுக்கு என்ன செய்வது? சாப்பாட்டுக்கு வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

வரிக்குதிரை77:

மே மாதம்தான் என்று முடிவாகிவிட்டால் மாரா வேண்டாம், நண்பரே. மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழைக் காலம். மாராவின் பெரும்பகுதி நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் போன்ற மண். நனைந்தால் டயரைக் கவ்விக்கொள்ளும், நான்கு சக்கர இழுவை வண்டியே திணறும். வில்டபீஸ்ட் எனும் மாடு போன்ற பெரிய மான்கள் கூட்டமாக ஆறு தாண்டுவதும் பெரும்பாலும் ஜூலைக்குப் பிறகுதான். ஜனவரி முதல் ஜூன் வரை வெளிநாட்டவருக்கு நாள் கட்டணம் 100 டாலர், ஜூலை முதல் 200 டாலர். அந்தப் பாதி விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

க்ரூகரில் மே மாதம் மழை ஓய்ந்து காடு காயத் தொடங்கும் நேரம். புல் இன்னும் கொஞ்சம் உயரமாக இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பர் அளவுக்கு விலங்குகள் தண்ணீரைத் தேடி ஒரே இடத்தில் குவியாது. ஆனாலும் நல்ல மாதம்.

சாதாரண கார் தாராளமாகப் போதும். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். எச் என்று தொடங்கும் சாலைகள் பெரும்பாலும் தார், வேக வரம்பு 50. எஸ் என்று தொடங்குபவை மண் சாலை, 40. உயரமான வண்டி கிடைத்தால் புல்லுக்கு மேலே பார்வை போகும், அவ்வளவுதான் லாபம். ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்; சர்வதேச அனுமதியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை கவுன்டரில் முன்பணத்தை ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைப்பார்கள். மனைவி கார்டு, டெபிட் கார்டு என்று நீட்டினால் அங்கேயே பயணம் நின்றுவிடும்.

முதன்முறை போகிறவர்கள் தவறுவது தூரக் கணக்கில். க்ரூகர் வடக்கு தெற்காகச் சுமார் 360 கி.மீ. வரைபடத்தைப் பார்த்ததும் "ஒரு நாளில் பாதி பார்த்துவிடலாம்" என்று தோன்றும். நின்று பார்த்துப் போனால் உண்மையான சராசரி மணிக்கு 20, 25 கி.மீ.தான். ஸ்குகுசா முகாமிலிருந்து சதாரா முகாமுக்குச் சுமார் 92 கி.மீ., அதற்கே நான்கைந்து மணி நேரம் போய்விடும். மே மாதத்தில் கதவுகள் காலை 6 முதல் மாலை 5.30 வரை. 5.30க்கு முகாமுக்குள் இல்லையென்றால் அபராதம். தாமதத்தை ஈடுகட்ட வேகமாக ஓட்டினால் அதற்கும் உள்ளே வேகக் கருவி வைத்துப் பிடிக்கிறார்கள்.

காட்டுக்குள் 5 இரவுக்கு என் யோசனை: 2 இரவு லோயர் சபி முகாம், 3 இரவு சதாரா. வேறெங்கும் மாற வேண்டாம். ஜொகன்னஸ்பர்க்கில் காலையில் இறங்கி அன்றே காட்டுக்குள் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். என்4 நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரமாவது ஆகும், அதற்கு மேல் முதலைப்பாலம் எனப்படும் குரோக்கடைல் பிரிட்ஜ் வாசலிலிருந்து லோயர் சபிக்கு இன்னும் 34 கி.மீ. இறங்கிய அன்றைய இரவைக் காட்டுக்கு வெளியே கோமாட்டிபோர்ட் அல்லது மலெலேன் ஊரில் கழித்துவிட்டு, விடியலில் வாசல் திறக்கும்போது நுழைவதுதான் சரி. திரும்பும்போது சதாராவிலிருந்து ஓர்பன் வாசல் 48 கி.மீ.

முன்பதிவு 11 மாதம் முன்னாலேயே திறந்துவிடும். ஆற்றைப் பார்த்த அறைகள் முதலில் போகும். ஏப்ரல் 27, மே 1 இரண்டும் அங்கே அரசு விடுமுறை, உள்ளூர்க் கூட்டம் அள்ளும். மே 5க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இடம் இல்லை என்று காட்டினால் விட்டுவிடாதீர்கள், ரத்தாகும் அறைகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

புதர்க்கண்:

மேலே சொன்னதற்கு ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. நான் பார்க்கும் விதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

25, 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் காட்டில் எதுவும் தெரியாது. விலங்கைத் தேடாதீர்கள், பொருந்தாத வடிவத்தைத் தேடுங்கள். செங்குத்தான மரங்களுக்கு நடுவே ஒரு கிடைக்கோடு, கிளையிலிருந்து நேராகத் தொங்கும் ஒரு "கயிறு". அந்தக் கயிறு பல நேரம் சிறுத்தையின் வால். இம்பாலா மான்கள் எல்லாம் மேய்ச்சலை நிறுத்தி ஒரே திசையில் முறைத்துக்கொண்டு மூக்கால் சீறினால், வண்டியை அணைத்துவிட்டு அரை மணி காத்திருங்கள். ஒட்டகச்சிவிங்கி அசையாமல் ஒரு புதரையே பார்த்துக்கொண்டு நின்றாலும் அப்படியே.

(நம் ஆட்கள் சீட்டாவைச் சிறுத்தை என்றே எழுதிவிடுகிறார்கள். சிறுத்தை மரமேறும், உடம்பில் பூப்பூவான வளையப் புள்ளி. சீட்டா சிவிங்கிப்புலி, திட்டுத்திட்டாக நிறைந்த புள்ளி, கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கண்ணீர்க் கோடு. சதாரா சுற்றுவட்டாரப் புல்வெளியிலும், லோயர் சபிக்குத் தெற்கே எஸ்28 சாலையிலும் சிவிங்கிப்புலிக்கு வாய்ப்பு அதிகம்.)

லோயர் சபிக்கு வெளியே ஒரு கி.மீ. கூட இல்லாத சன்செட் டேம் குளத்தில் நீர்யானை, முதலை, கொக்கு, நாரை எல்லாம் காருக்குப் பக்கத்திலேயே. மாலையில் வாசல் மூடும் முன் கடைசி அரை மணியை அங்கே செலவழியுங்கள். ஸ்குகுசா போகும் எச்4-1 ஆற்றோரச் சாலை அருமை, ஆனால் கார் நெரிசல். சதாராவில் எஸ்100 மண் சாலை விடிந்ததும் முதல் வேலை. முகாம்களில் வரைபடப் பலகை ஒன்று இருக்கும், அன்று யார் எங்கே எதைப் பார்த்தார்கள் என்று நிறக் குறிகள் வைத்திருப்பார்கள். சிங்கம் தின்றுகொண்டிருந்த இடம் மறுநாளும் பயன்படும், ஓடிக்கொண்டிருந்த காட்டுநாய் பயன்படாது. காண்டாமிருகம் கண்ட இடத்தை மட்டும் இணையத்தில் போட வேண்டாம். வேட்டைக்காரர்களும் அதைப் படிக்கிறார்கள்.

கேமராவுக்கு முக்காலி எதற்கு? அங்கே 2 கிலோ அரிசி வாங்கி ஒரு மஞ்சப்பையில் கட்டி ஜன்னல் விளிம்பில் வையுங்கள், லென்ஸ் அதில் உட்காரும். என்ஜினை அணைத்தால்தான் அதிர்வு போகும். கடைசி நாள் அந்த அரிசியைச் சமைத்துவிடலாம்.

நொய்யல்காரன்:

அருமை, இருவருக்கும் நன்றி. மனைவிக்கு யானைப் பயம்தான் பெரிது. சாலையை மறித்து நின்றால் என்ன செய்வது? மதம் பிடித்திருந்தால் கன்னம் ஒழுகும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்தானே?

புதர்க்கண்:

அங்கேதான் நம் ஊர் அறிவு ஏமாற்றும். ஆசிய யானையில் கன்னத்தில் மதநீர் வடிந்தால் பெரும்பாலும் மதம் பிடித்த ஆண். ஆப்பிரிக்க யானையில் பெண், குட்டி உட்பட எல்லாவற்றுக்கும் பதற்றத்திலோ கிளர்ச்சியிலோ கன்னம் ஒழுகும். அதைப் பார்த்து எதுவும் முடிவு செய்ய முடியாது. பின்னங்காலின் உட்பக்கத்தைப் பாருங்கள். சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்து கால் நனைந்து கறுத்திருந்தால், கூடவே காரமான நெடி அடித்தால், அதுதான் மதம். தலையை உயர்த்தி நடக்கும். அந்த ஆண் வரும் சாலையில் பேரம் பேசாதீர்கள், வந்த வழியே போய்விடுங்கள்.

கூட்டம் கடக்கும்போது 50 மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். நிறுத்தும் முன் பின்னால் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் இன்னொரு கார் ஒட்டிக்கொண்டு நின்றால் அதுதான் ஆபத்து. கடைசி யானை போய்விட்டது என்று நகராதீர்கள். பின்தங்கிய குட்டி ஒன்று புதரிலிருந்து வரும், தாய்க்கும் குட்டிக்கும் நடுவே கார் இருக்கும். காதை விரித்து, தலையை ஆட்டி, மண்ணை வாரி இறைத்தால் "தள்ளிப் போ" என்று அர்த்தம். மெதுவாகப் பின்னோக்கி எடுங்கள். ஹாரன் அடிப்பதோ என்ஜினை உறுமவிடுவதோ கூடவே கூடாது.

பிக்னிக் இடங்கள், ஒளிந்திருந்து விலங்கு பார்க்கும் மறைவிடங்கள் என்று பலகை உள்ள இடம் தவிர எங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டவும் கூடாது. டயர் பஞ்சர் ஆனாலும் கீழே குதித்துக் கழற்ற ஆரம்பிக்காதீர்கள். நுழைவுச் சீட்டில் அவசர எண் இருக்கும். முகாமை விட்டு வெளியே வந்தால் பல இடங்களில் சிக்னல் கிடையாது, அப்போது அடுத்து வரும் காரை நிறுத்திச் சொல்லி அனுப்புங்கள்.

மருந்துப்பெட்டி:

மலேரியா பற்றி யாரும் சொல்லவில்லையே. க்ரூகர் மலேரியாப் பகுதி. அக்டோபர் முதல் மே வரை அபாயம் அதிகம், நீங்கள் போவது அதன் வால்பகுதியில். அங்கே பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம், கடுமையான வகை. தடுப்பு மாத்திரையை டாக்டரிடம் கேட்டே எடுக்கவும், குழந்தைக்கு அளவு எடையைப் பொறுத்தது. அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பியபின் 7 நாள். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பியபின் 4 வாரம். அது வெயிலில் தோலை எரியவைக்கும். "ஊருக்கு வந்தாச்சே" என்று பாதியில் நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. பொழுது சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை, டீட் எனும் கொசுவிரட்டி மருந்து கலந்த களிம்பு. திரும்பி வந்து சில மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஆப்பிரிக்கா போய்வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தென்னாப்பிரிக்காவுக்காகத் தேவையில்லை. ஆனால் அடிஸ் அபாபா, நைரோபி வழியாக மலிவு டிக்கெட் எடுத்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் சான்றிதழ் கேட்பார்கள். துபாய், தோஹா வழி என்றால் அந்தத் தலைவலி இல்லை. போடுவதானால் பயணத்துக்கு 10 நாள் முன்பே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். விசா கட்டாயம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் தயாராக வையுங்கள்.

வரிக்குதிரை77:

சாப்பாடு விட்டுப்போயிற்று. முகாம் உணவகங்களில் சைவத்துக்குச் சிப்ஸும் சாலடும்தான் கதி. முகாம் கடையில் ரொட்டி, முட்டை, பால் கிடைக்கும், காய்கறி சொற்பம். சமையல் வசதி உள்ள பங்களா எடுங்கள். பதிவு செய்யும்போது பாத்திரம் உண்டா என்று பார்க்கவும், சில அறைகளில் பொதுச் சமையலறை மட்டும்தான். அரிசி, பருப்பை ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். என்4 வழியில் வரும் நெல்ஸ்ப்ரூயிட் (இப்போதைய பெயர் ம்பொம்பேலா) ஊர் சூப்பர் மார்க்கெட்டில் எல்லாம் கிடைக்கும், மசாலாப் பொடி உட்பட. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர் புண்ணியம்.

சமையல் மேடை பெரும்பாலும் வராந்தாவில் இருக்கும். குரங்கும், பபூன் எனும் நாய்முகப் பெருங்குரங்கும் ஃபிரிட்ஜைத் திறக்கத் தெரிந்தவை. கதவுப் பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். மேசையில் ஒரு வாழைப்பழம் கூட விடாதீர்கள்.

பிளக்குக்கு அடாப்டர் தேடி அலைய வேண்டாம். நம் வீட்டு ஏசி, கீசருக்குப் போடும் 16 ஆம்பியர் பெரிய மூன்று முள் பிளக் அங்கே அப்படியே பொருந்தும். அந்தப் பிளக் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை எடுத்துப் போனால் போன், கேமரா எல்லாம் சார்ஜ் ஆகிவிடும்.

முகாமிலிருந்து அழைத்துப் போகும் இரவுச் சவாரிக்குக் குறைந்தது 6 வயது, உங்கள் மகள் வரலாம். காலை நடைப்பயணத்துக்கு 12 வயது ஆக வேண்டும், அது இந்த முறை இல்லை. மே இரவில் திறந்த வண்டியில் குளிர் எலும்பைத் தொடும். அறையிலுள்ள கம்பளியையே சுருட்டிக்கொண்டு போங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.