சோமலியே போட்டி, சர்வீஸ் சுற்று: மதிப்பெண் எங்கே போகிறது?

திராட்சைக்கொடி (கேள்வி):
வணக்கம். தேசிய அளவிலான சோமலியே (உணவகத்தில் ஒயின் தேர்ந்து பரிமாறும் நிபுணர்) போட்டிக்குத் தயாராகிறேன். தியரியும் பிளைண்ட் டேஸ்டிங்கும் (பெயர் தெரியாமல் ருசித்து ஒயினைக் கண்டுபிடிப்பது) ஓரளவு கைவசம் இருக்கின்றன. சந்தேகமெல்லாம் சர்வீஸ் சுற்றில்தான். மேக்னம் (இரட்டை அளவு பாட்டில்) ஷாம்பெயினை 15 கிளாஸில் சமமாக ஊற்ற வேண்டும், ஊற்றிய கிளாஸுக்குத் திரும்பிப் போகக் கூடாது, பாட்டிலும் காலியாக வேண்டும் என்கிறார்களே, அதற்கு எப்படிப் பயிற்சி எடுப்பது? பழைய சிவப்பு ஒயினை டிகேன்ட் செய்யும்போது (மண்டியைப் பாட்டிலிலேயே விட்டு, தெளிந்த ஒயினை வேறு குடுவைக்கு மாற்றும்போது) நடுவர்கள் எதைக் கவனிப்பார்கள்? தக்கை பாதியில் உடைந்தால் என்ன செய்வது?

தேறல்:
மேக்னத்துக்கு மட்டும் சொல்கிறேன். 1500 மி.லி., 15 கிளாஸ், தலைக்கு 100. ஆனால் 15 என்றே மனப்பாடம் செய்யாதீர்கள். 12 என்றால் 125, 16 என்றால் 94க்குச் சற்றுக் குறைவு. தக்கையைத் தொடும் முன்பே மேசையில் உள்ள கிளாஸ்களை எண்ணிவிடுங்கள்.

முதல் கிளாஸ் தப்பினால் மீதி அத்தனையும் தப்பும். நுரை அடங்கிய பிறகு 100 மி.லி. அந்தக் கிளாஸில் எந்த மட்டத்தில் நிற்கும் என்பது கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும். நுரையின் உயரத்தைப் பார்த்து நிறுத்துகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். துடைத்த துணியின் நார் ஒட்டியிருக்கும் கிளாஸில் குமிழி அதிகம் எழும், பக்கத்துக் கிளாஸில் அடங்கிக் கிடக்கும், இரண்டிலும் அளவு ஒன்றாகவே இருக்கும்.

பயிற்சிக்குக் காலி மேக்னம் பாட்டிலும் சமையலறைத் தராசும் போதும். முதலில் தண்ணீர்: 1 மி.லி. என்பது 1 கிராம், ஊற்றி முடித்து ஒவ்வொன்றாக எடை போடுங்கள். எல்லாம் 95க்கும் 105க்கும் இடையில் வந்த பிறகு சோடாவுக்கு மாறுங்கள், நுரை அப்போதுதான் பழகும். காலக்கணக்கு வைத்து, 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாட்டில் நிறைந்திருக்கும்போது லேசாகச் சாய்த்தாலே பாயும், பாதிக்குக் கீழே இறங்கியதும் நன்றாகச் சாய்க்க வேண்டும். எண்ணி ஊற்றுபவர்களுக்குக் கடைசி நான்கைந்து கிளாஸில் குறைவு விழுவது இதனால்தான். ஏழாவது கிளாஸ் முடிந்ததும் பாட்டிலில் பாதிக்குச் சற்று மேலே இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். திருத்துவதாக இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும்.

நிறைந்த ஷாம்பெயின் மேக்னம் 3 கிலோவுக்கு மேல் இருக்கும். அடிக்குழியில் கட்டைவிரலை வைத்து ஒற்றைக் கையால் ஊற்றுவது புகைப்படத்துக்கு அழகு. 15 கிளாஸ் வரை மணிக்கட்டு தாங்காது, மறு கையால் கழுத்தைத் தாங்குங்கள்.

திறக்கும்போது: உள்ளே அழுத்தம் 5 முதல் 6 வளிமண்டலம். தக்கை மேலுள்ள கம்பிக் கூண்டை ஆறு அரைச் சுற்றில் தளர்த்தியதும் கட்டைவிரல் தக்கையை விட்டு நகரவே கூடாது. பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். வாய் யாரையும் நோக்கி இருக்கக் கூடாது. சத்தம் பெருமூச்சளவுக்கு மேல் போனால் மதிப்பெண் போகும். பொங்கி வழிவதற்குப் பெரும்பாலும் காரணம் கழுத்துதான்: ஐஸ் வாளியில் தண்ணீர் குறைவாக இருந்தால் உடல் குளிர்ந்து கழுத்து வெதுவெதுப்பாகவே நிற்கும். ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, தோள் முழுக மூழ்கட்டும்.

கொடிமுந்திரி:
டிகேன்டிங் பற்றி. நடுவர் பார்க்கத் தொடங்குவது ஊற்றும்போது அல்ல, நீங்கள் பக்க மேசையை அடுக்கும்போதே. டிகேன்டர், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, இரண்டு துணி, பாட்டிலுக்கும் தக்கைக்கும் டிகேன்டருக்கும் தனித்தனித் தட்டு, நீங்கள் ருசி பார்க்க ஒரு கிளாஸ். ஏதாவது ஒன்றுக்காகத் திரும்ப நடந்தால் அதுவே தெரிந்துவிடும்.

பாட்டில் கூடையில் படுத்தபடி வந்தால் படுத்தபடியே திறக்க வேண்டும். நிமிர்த்தினாலோ உருட்டினாலோ அடி மண்டி கலங்கிவிடும். ஃபாயிலைக் கழுத்திலிருந்து முழுவதும் எடுத்துவிடுவது நல்லது, அப்போதுதான் வெளிச்சத்தில் ஒயின் ஓடுவது தெரியும். தக்கையை எடுக்கும் முன்னும் பின்னும் வாயைத் துடையுங்கள். விருந்தாளியிடம் இரண்டு அனுமதி கேளுங்கள்: டிகேன்ட் செய்யலாமா, நான் ருசி பார்க்கலாமா? இதை மறந்து போட்டியைக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு.

சுடர் பாட்டிலின் தோளுக்கு நேர் கீழே, கண்ணாடியைச் சுடாத தூரத்தில் இருக்கட்டும். முதலில் 20, 30 மி.லி. ஊற்றி டிகேன்டரை அலசுங்கள். பிறகு ஒரே ஓட்டமாக ஊற்ற வேண்டும். நடுவில் கையை நிமிர்த்தினால் ஒயின் பின்னோக்கி அலையடித்து மண்டியைக் கிளப்பும், அதற்குப் பிறகு என்ன செய்தாலும் தெளியாது. தோளில் புகைபோல மெல்லிய கோடு வரும், அது கழுத்துக்குள் நுழையும் கணத்தில் நிறுத்துங்கள். 50 மி.லி. போல பாட்டிலில் நின்றால் கவலையில்லை.

20, 30 வருடத் தக்கைக்கு திருகியைவிட இரண்டு தகடு கொண்ட ஆ-சோ பாதுகாப்பு: நீளத் தகட்டை முதலில் நுழைத்து, ஆட்டி ஆட்டி இறக்கி, சுழற்றியபடி இழுக்க வேண்டும். உடைந்துவிட்டால் திருகியைச் சாய்வாக, மிச்சத் தக்கையைக் கண்ணாடிச் சுவரோடு அழுத்தும்படி நுழைத்து எடுங்கள். நடுவில் செங்குத்தாகக் குத்தினால் உள்ளே விழுந்துவிடும். விருந்தாளியிடம் மறைக்காதீர்கள், ஒரு வரியில் சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

திராட்சைக்கொடி:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கை வேலை செய்யும்போதே விருந்தாளி கேள்வி கேட்டால் நிறுத்திப் பதில் சொல்லலாமா?

நாவறி:
நிறுத்தாதீர்கள். பேச்சும் கையும் சேர்ந்து ஓடுகிறதா என்பதைத்தான் அங்கே சோதிக்கிறார்கள். நேரம் முடிந்தால் பாதி வேலையோடு நிறுத்த வேண்டியதுதான். டிகேன்ட் செய்யப் பாட்டிலைச் சாய்த்திருக்கும் அந்த நிமிடம் மட்டும் விதிவிலக்கு: கண்ணை எடுக்காமல், 'ஒரு நிமிடம் சார், இதோ சொல்கிறேன்' என்றால் போதும்.

பொறிகளையும் எதிர்பாருங்கள். விருந்தாளி கேட்ட ஒயினின் அறுவடை ஆண்டு ஒன்று, மேசையில் வைத்திருக்கும் பாட்டிலின் ஆண்டு வேறு. கிளாஸில் விளிம்பு உடைந்திருக்கும். ஒருவர் மது அருந்தாதவராக இருப்பார். ஒயின் பட்டியலில் பிழை திருத்தும் சோதனையும் வரும்: புய்யி-ஃபுய்ஸே என்ற பிரெஞ்சு ஒயினுக்குத் திராட்சை வகை சாவின்யான் பிளாங்க் என்று போட்டிருக்கும், அது ஷார்டனே. கோந்த்ரியூ என்ற இன்னொரு பிரெஞ்சு ஒயினுக்கு மார்சான் என்று இருக்கும், அது வியோன்யே. ஷாத்தோ திகெம் (பிரான்ஸின் இனிப்பு ஒயின் தயாரிப்பாளர்) 2012 என்று இருந்தால் உடனே கோடு போடுங்கள், அந்த ஆண்டு அவர்கள் ஒயின் வெளியிடவே இல்லை.

ஒரு தகவல்: ஏ.எஸ்.ஐ. (சர்வதேச சோமலியே சங்கம்) நடத்தும் உலகப் போட்டியில் தாய்மொழி அல்லாத மொழியில்தான் பங்கேற்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அது தடை, நமக்கு இல்லை. 2023இல் பாரிஸில் வென்றவர் லாட்வியாவின் ரைமண்ட்ஸ் டாம்சன்ஸ். அந்த இறுதிச் சுற்றைப் பார்க்கக் கிடைத்தால் சத்தத்தை அணைத்துவிட்டு, கைகளை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

தேறல்:
பாட்டில் காலியானதும் துணியால் வாயைத் துடைத்துவிட்டுக் கீழே வையுங்கள். மேசைவிரிப்பில் விழும் சொட்டையும் நடுவர்கள் பார்ப்பார்கள்.