தைப்பூசத் தேர் ஊர்வலம்: சின்ன கேமராவில் டிவி தரம் கிடைக்குமா?

செந்தூல்வாசி:
வணக்கம். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குத் தேர் போகும் இரவை டிவி ஆவணப்படமாக எடுக்கிறோம். குழுவில் இருவர்தான், நடந்துகொண்டே எடுக்க வேண்டும். நிலையம் கேட்பது 1080ஐ50 (1080 வரி, வினாடிக்கு 50 அரைப் படங்கள்), 4:2:2 (நிற விவரம் கூடுதலான பதிவு), வினாடிக்கு 50 மெகாபிட். 4கே போட்டோ கேமரா போதுமா, கேம்கார்டர்தான் வேண்டுமா?

ஒளிப்பெட்டி:
கேம்கார்டர் எடுங்கள். பழைய போட்டோ கேமராக்கள் பல 29 நிமிடம் 59 வினாடியில் தானாக நின்றுவிடும், நீண்ட பதிவில் சூடேறும். சோனி பி.எக்ஸ்.டபிள்யூ இசட்90 மாதிரி ஒன்று பாருங்கள்: 1 அங்குல சென்சார், எக்ஸ்.எல்.ஆர். (தொழில்முறை மைக் இணைப்பு) இரண்டு, எச்.டி.யில் 4:2:2 10 பிட், 50 மெகாபிட். அதிலேயே 4கே போட்டால் நிற விவரம் குறைந்த 4:2:0 8 பிட்தான், எச்.டி.க்குச் சுருக்கினால் நிறம் தேறிவிடும், ஆனால் 50பி (வினாடிக்கு 50 முழுப் படங்கள்) கிடையாது. காவடியாட்டம் 25பி-யில் தட்டித் தட்டித் தெரியும். அதனால் எச்.டி. 50ஐ-யிலேயே எடுங்கள். மணிக்கு ஏறக்குறைய 23 ஜிபி. 64 ஜிபி கார்டு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

செகண்ட் ஹேண்டில் எச்.டி.வி. டேப் கேமரா மலிவாக வரும், வேண்டவே வேண்டாம். அது 1440×1080, 4:2:0, 25 மெகாபிட்.

பினாங்குக்காரர்:
இன்னொன்று முக்கியம். வெளிநாட்டுக் கேமரா வாங்கினால் 60 ஹெர்ட்ஸில் இருக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல் விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரம்) 1/60 வினாடி என்றால் ஒவ்வொரு படத்திலும் துடிப்பு கூடக்குறைய விழுந்து பந்தல் வெளிச்சம் மினுங்கும். மெனுவில் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றி 1/50 வையுங்கள். மலிவான எல்.இ.டி. அலங்காரம் அப்போதும் கோடு போட்டால் ஷட்டரை மிகச் சிறு படிகளில் நகர்த்துங்கள். வாங்கும் முன் கடையிலேயே குழல் விளக்கின் கீழ் சோதித்துவிடுங்கள்.

செந்தூல்வாசி:
நன்றி அண்ணா. உறுமி மேளத்துக்கு ஒலி?

ஒளிப்பெட்டி:
ஒரே மைக்கை இரு சேனலிலும் விடுங்கள், இரண்டாவதை 12 டெசிபல் குறைத்து. மேளம் உச்சத்தில் முதலாவதில் ஒலி சிதறினாலும் இரண்டாவது தப்பும். தானியங்கி ஒலியளவு அணைத்திருக்கட்டும். இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் பின்னணி அமுங்கி எழும். மைக்கிலேயே ஒலி சிதறினால் கேமராவில் அளவைக் குறைத்துப் பயனில்லை, அதிக ஒலி தாங்கும் மைக் வேண்டும்.

பினாங்குக்காரர்:
ஏர்கான் வண்டியிலிருந்து இறங்கினால் லென்ஸில் பனி பிடிக்கும். துடைக்காதீர்கள், மறுபடியும் பிடிக்கும். இறங்குவதற்கு அரை மணி முன்பே கேமராவை ஜிப் பையில் போட்டு ஏர்கானை அணைத்துவிடுங்கள். பேட்டரிக்கு, 7 வாட் கேமரா என்றால் 98 வாட்-மணி வெளிப் பேட்டரி ஒன்று கணக்குப்படி 14, இழப்பு போக ஏறக்குறைய 12 மணி நேரம் ஓடும். பத்துமலையின் 272 படியேறும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளலாம்.